தலைப்பெழுத்துக்குள் ஒரு வீட்டுப்பெயர்: மதுரைச் சௌராஷ்டிரரின் 'தொகுளுவ'வை முன்வைத்து

கேள்வி

டி.எம். சௌந்தரராஜனின் குரலை அறியாத தமிழர் அரிது. அவர் பெயரின் முதலில் நிற்கும் 'டி' எதைக் குறிக்கிறது என்று அறிந்தவர்கள் அதைவிட அரிது. 1922 மார்ச் 24 அன்று மதுரையில் பிறந்த அவருடைய முழுப்பெயர் தொகுளுவ மீனாட்சி ஐயங்கார் சௌந்தரராஜன். மீனாட்சி ஐயங்கார் அவருடைய தந்தை. 'தொகுளுவ' ஊர்ப்பெயரும் அல்ல, பாட்டனார் பெயரும் அல்ல. அது குடும்பத்தின் பெயர். சௌராஷ்டிரர் தம் மொழியில் இதைக் 'கெர்நாவ்' என்பார்கள். கெர் என்றால் வீடு, நாவ் என்றால் பெயர்.

தமிழ்ச் சூழலில் குடும்பப்பெயர் என்ற ஒன்றே பொதுவழக்கில் இல்லை. அப்படியிருக்க, மதுரையின் நடுவில் வாழும் ஒரு நெசவுச் சமூகம் பல நூறு வீட்டுப்பெயர்களைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்திருக்கிறது. இவற்றுள் அருகிய ஒரு பெயரின் தோற்றத்தையும் பரவலையும் எந்தச் சான்றுகளைக் கொண்டு ஆராய முடியும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. 'தொகுளுவ'வை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். தமிழ்நாட்டில் பெரும்பாலானோர் அச்சொல்லை ஒரே ஒரு மனிதரின் பெயர் விரிவில் மட்டுமே சந்தித்திருப்பார்கள் என்பதுதான் அதைத் தேர்ந்ததற்குக் காரணம்.

மூன்று உறுப்புகள், ஒரே தோற்றம்

மதுரையில் ஒருவர் பெயருக்கு முன் இரண்டு எழுத்துகள் நின்றால், அவற்றின் பொருள் சமூகத்துக்குச் சமூகம் மாறும். எம்.எஸ். சுப்புலட்சுமியும் மதுரையில் பிறந்தவர்தான். அவருடைய 'எம்' மதுரை. 'எஸ்' தாயார் சண்முகவடிவு. ஊரும் தாயும் அங்கே தலைப்பெழுத்தாயின. டி.எம்.எஸ். பெயரில் வீடும் தந்தையும் அந்த இடத்தில் நிற்கின்றன. எழுத்தை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. வீட்டுப்பெயர் வெளியார் கண்ணுக்குப் படாமல் போனதற்கு முதற்காரணம் இது.

மறைவு இன்னொரு படியும் ஆழமாகிறது. தமிழில் 'தொ' என்று நிற்க வேண்டிய எழுத்து ஆங்கிலப் பதிவேட்டுக்குப் போய் அங்கிருந்து திரும்பி வரும்போது 'டி' ஆகிவிடுகிறது. தகர வரிசையில் தொடங்கும் எந்தப் பெயருக்கும் இதே கதிதான். தமிழக அரசு 2021 டிசம்பரில் முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று ஆணையிட்டது. அந்த ஆணையை மொழிப்பற்றின் கோணத்தில்தான் எல்லோரும் பேசினார்கள். பெயராய்வின் கோணத்தில் அதற்கு வேறொரு மதிப்பும் உண்டு: 'தொ.மீ.' என்று எழுதியிருந்தால், மூலப்பெயரின் முதல் அசையாவது ஆவணத்தில் தங்கியிருக்கும்.

தமிழ் எழுத்துக்கும் ஒரு குறை இருக்கிறது. ககரம், தகரம் ஆகியவற்றின் வல்லொலி, மெல்லொலி வேறுபாட்டை அது காட்டாது. 'தொகுளுவ' என்ற எழுத்துருவை வைத்து உச்சரிப்பைத் துல்லியமாக மீட்க இயலாது. சௌராஷ்டிர எழுத்துமுறை இந்த வேறுபாடுகளைக் காட்ட வல்லது. மூச்சொலி கலந்த நகர, மகர, லகரங்களுக்கென்று 'ஹாரு' என்ற தனிக்குறியீடும் அதில் உண்டு. 2008-இல் அது ஒருங்குறியில் இடம்பெற்றது. ஆனால் சமூகத்தில் மிகப் பலர் தம் மொழியை எழுதத் தமிழ் எழுத்தையே நாடுகிறார்கள். ஆகவே, சொல்லின் ஓசையை மட்டும் வைத்துக்கொண்டு குஜராத்தி வேர், தெலுங்கு வேர் என்று தேடும் முயற்சிகளை நான் ஐயத்தோடுதான் பார்க்கிறேன். எந்த ஒலியை ஒப்பிடுகிறோம் என்பதே உறுதியாகாத நிலையில் வேர்ச்சொல் ஆராய்ச்சி விரும்பிய இடத்துக்கெல்லாம் நம்மைக் கொண்டுபோய்விடும்.

சொல்லின் பொருளைக் காட்டிலும் அது பெயருக்குள் நிற்கும் இடம் நம்பத்தக்க சான்று. குஜராத்திலும் மராட்டியத்திலும் தன்பெயர், தந்தை பெயர், குடும்பப்பெயர் என்ற வரிசை இன்றைய வழக்கு. மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி என்ற பெயரை நினைத்தால் போதும். சௌராஷ்டிரர் பெயரிலும் அதே மூன்று உறுப்புகள் உள்ளன. வரிசை மட்டும் தலைகீழ். வீட்டுப்பெயரை முன்னே வைப்பது தெலுங்கு நாட்டு 'இண்டிபேரு' முறை. மதுரையைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களில் நாயக்கர், ரெட்டியார் குடும்பங்களிடம் அந்த முறையின் தடயத்தை இன்றும் காணலாம். தந்தை பெயரைத் தன்பெயருக்கு முன் வைப்பதோ தமிழ் வழக்கம். ஆக, உறுப்புகளின் எண்ணிக்கையில் மேற்கிந்தியச் சாயல், வீட்டுப்பெயரின் இடத்தில் ஆந்திரச் சாயல், தந்தை பெயரின் இடத்தில் தமிழ்ச் சாயல். இதை அளவுக்கு மீறி நீட்டவும் கூடாது. தலைப்பெழுத்து எழுதும் பழக்கமே ஆங்கிலேயர் காலப் பள்ளியும் கச்சேரியும் கொண்டுவந்தது. மூன்று உறுப்பு வடிவம் அவற்றின் படிவங்களுக்காகவே உறுதிப்பட்டிருக்கலாம். ஆனால் வீட்டுப்பெயரை முதலில் சொல்லும் பழக்கத்தைப் படிவம் தந்திருக்க முடியாது. தமிழ்நாட்டுப் படிவத்தில் வீட்டுப்பெயருக்குக் கட்டமே கிடையாது.

குஜராத் என்ற விடை

சமூகத்தின் தோற்றம் பற்றிய வழக்கமான விளக்கம் எல்லோரும் அறிந்தது. சௌராஷ்டிர தேசத்தில் பட்டு நெய்தவர்கள் கஜினி மாமூதின் சோமநாதபுரப் படையெடுப்புக்குப் பின் தெற்கே நகர்ந்தார்கள். தேவகிரி யாதவரிடமும் பிறகு விஜயநகரத்திலும் தங்கினார்கள். நாயக்கர் காலத்தில் மதுரைக்கு வந்து திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றிக் குடியேறினார்கள். திருமணத்தின்போது ஓதப்படும் மரபான உரையாடலும் இந்தப் பயண வழியைச் சொல்கிறது.

1901 சென்னை மாகாண மக்கள்தொகை அறிக்கையும், தர்ஸ்டனும் ரங்காச்சாரியும் 1909-இல் வெளியிட்ட சாதிகள் பற்றிய தொகுதியும் இதற்கு ஒரு கல்வெட்டை ஆதாரமாகச் சேர்த்தன. மத்தியப் பிரதேசத்து மந்தசோர் கல்வெட்டு அது. லாட தேசத்திலிருந்து, அதாவது தென் குஜராத்திலிருந்து தசபுரத்துக்கு வந்த பட்டு நெசவாளர் குழுவொன்று, குமாரகுப்தன் காலத்தில் கி.பி. 437 வாக்கில் சூரியன் கோயில் கட்டியதையும் 473 வாக்கில் அதைப் பழுதுபார்த்ததையும் அது கூறுகிறது. வத்ஸபட்டி என்ற புலவர் இயற்றிய செய்யுள் அது. குழுவில் சிலர் வில்வித்தை, கதை சொல்லல், சோதிடம் ஆகியவற்றுக்குத் திரும்பினர் என்ற அருமையான செய்தியும் அதில் உண்டு.

இந்தக் கல்வெட்டுக்கும் மதுரை மகாலுக்கும் நடுவே சுமார் 1,200 ஆண்டுகள் இருக்கின்றன. பட்டு நெய்த குழுக்கள் இந்தியாவெங்கும் இடம்பெயர்ந்திருக்கின்றன. அவற்றுள் ஒன்றைச் சுட்டி இவர்களே அவர்கள் என்று சொல்ல, தொழில் ஒற்றுமை மட்டும் போதாது. நம் கேள்விக்கு இன்னும் முக்கியமான ஒரு குறை இருக்கிறது. அரசர்களையும் புலவரையும் பெயர் சொல்லிப் பாடும் அந்தச் செய்யுள், கோயிலுக்குப் பொருள் கொடுத்த நெசவாளர்களில் ஒருவரைக்கூடப் பெயரிட்டுச் சொல்லவில்லை. எந்த வீட்டுப்பெயரையும் அதனோடு இணைக்க வழியில்லை.

மொழிச்சான்று இதைவிட வலுவானது. கிரியர்சனின் மொழிக்கணக்கீடு சௌராஷ்டிர மொழியைப் 'பட்டுநூலி' என்ற பெயரில் குஜராத்தியின் கிளையாக வைத்தது. 1940-களில் ராண்டில் அதன் இலக்கணத்தை ஆராய்ந்தார். ஜப்பானியரான உச்சிதா நோரிஹிகோ பின்னர் வாய்மொழி இலக்கியத்தையும் அகராதியையும் தந்தார். அடித்தளம் இந்தோ-ஆரியம், மேலே மராத்தி, கன்னட, தெலுங்கு, தமிழ்ப் படிவுகள் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆகவே சமூகம் மேற்கிலிருந்து வந்தது என்பதை ஏற்கலாம். ஆனால் சமூகம் வந்த இடமும் அதன் ஒவ்வொரு வீட்டுப்பெயரும் பிறந்த இடமும் ஒன்றே என்று கொள்வதுதான் பிழை.

இதற்கு மதுரையிலேயே கண்கண்ட சான்று இருக்கிறது. மதுரை காந்தி என்று அழைக்கப்பட்ட என்.எம்.ஆர். சுப்பராமன், 1962-இல் மதுரையின் நாடாளுமன்ற உறுப்பினரானவர். அவருடைய தலைப்பெழுத்துகளை நாட்டாண்மை மல்லி ராயலு என்று விரிப்பார்கள். ராயலு தந்தை பெயர். தெலுங்கு வடிவம் கொண்டது. நாட்டாண்மையோ தமிழ் ஊர்ப் பொறுப்பின் பெயர். ஒரு சௌராஷ்டிரக் குடும்பத்தின் அடையாளத்தின் தலையில் அது ஏறி உட்கார்ந்திருக்கிறது என்றால், பெயரின் அப்பகுதி அவர்கள் தமிழ் மண்ணுக்கு வந்த பிறகு உருவானதாகத்தான் இருக்க வேண்டும். பழைய நூல்கள் குறிப்பிடும் கௌண்டா, சாலின், வொய்து, பௌதுல் என்ற நான்கு உட்பிரிவுகளையும் இதனோடு சேர்த்துப் பார்க்கலாம். தலைவர், மூத்தோர், மருத்துவர் என்று அவை பொறுப்பையும் தொழிலையும் ஒட்டி எழுந்தவை. பொறுப்பு பெயராவதும், அந்தப் பெயர் பொறுப்பு போன பிறகும் வீட்டில் தங்கிவிடுவதும் தென்னாட்டில் புதிதல்ல. தஞ்சைக் கள்ளர்களின் வாண்டையார், மழவராயர் போன்ற பட்டப்பெயர்களும் அதே வழியில் குடும்பப்பெயர்களாக நின்றுவிட்டன.

பட்டம் மாறியது, வீட்டுப்பெயர் மாறவில்லை

சௌராஷ்டிரர் பெயரில் வரலாறு தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஐயர், ஐயங்கார், ராவ், பாகவதர் என்ற பின்னொட்டுகளைத்தான் பார்க்கிறார்கள். அவற்றின் மீது பெரும் போராட்டமே நடந்திருக்கிறது. ராணி மங்கம்மாள் ஆட்சியில் (1689–1706) இச்சமூகத்தார் உபாகர்மம் என்ற பூணூல் சடங்கைச் செய்ததற்காகப் பதினெட்டுப் பேர் கைதானார்கள் என்றும், அறிஞர் அவையின் கருத்தைக் கேட்டு அச்சடங்கு உரிமையை உறுதிசெய்யும் ஓலையை ராணி அளித்தார் என்றும் தர்ஸ்டன் தொகுதி பதிவு செய்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் 'பட்டுநூல்காரர்' என்று அரசு எழுதியதை மாற்றிச் 'சௌராஷ்டிரர்' என்று எழுதச் சொல்லி மனுக்கள் எழுந்தன. இன்று பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இரு பெயர்களும் அருகருகே நிற்கின்றன. 1929 செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாட்டுக்குப் பின் தமிழகமெங்கும் சாதிப் பட்டங்கள் உதிரத் தொடங்கியபோது இவர்களிடமும் அவை உதிர்ந்தன. மீனாட்சி ஐயங்காரின் மகன் வெறும் சௌந்தரராஜனாகவே புகழ்பெற்றார்.

அந்தத் தந்தையின் பெயரைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். வைணவப் பட்டம் தாங்கிய ஓர் ஆணுக்கு மதுரைச் சிவாலயத்து அம்மனின் பெயர். மீனாட்சியை அழகரின் தங்கையாகக் கொண்டாடும் ஊரில்தான் இது இவ்வளவு இயல்பாக அமையும். குடிபெயர்ந்து வந்தவர்கள் ஊரை எவ்வளவு ஆழமாக ஏற்றார்கள் என்பதை இந்த ஒரு பெயர் சொல்லிவிடுகிறது.

தன்பெயர் ஊரைத் தழுவியது. பட்டம் அரசியலைத் தழுவியது. வீட்டுப்பெயரை இந்த இரண்டு இழுப்புகளும் தொடவில்லை. வெளியார் யாரும் அதைக் கொண்டு ஒருவரை அழைக்கவில்லை. அதனால் அந்தஸ்து கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மாற்ற வேண்டிய தேவையும் எழவில்லை. சமூகத்துக்குள் மட்டும், அதிலும் குறிப்பாகச் சம்பந்தம் பேசும்போது, கோத்திரத்தோடு சேர்த்துக் கேட்கும் அடையாளமாக அது இருந்தது. பட்டங்களைவிட வீட்டுப்பெயரே பழமையைக் காக்கும் சான்று என்று நான் கருதுவது இதனால்தான். அதே தனிமைதான் அதன் ஆபத்தும்: உள்ளே பேச்சு நின்றால் வெளியே தடயம் இருக்காது.

எண்ணிக்கை எதைச் சொல்கிறது

2011 மக்கள்தொகைக் கணக்கில் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் நாடு முழுவதும் 2,47,702 பேர். 2001-இல் இந்த எண் 1,85,420. இரண்டு முறையும் அவர்கள் குஜராத்தி என்ற தலைப்பின் கீழ் ஒரு கிளையாகவே வைக்கப்பட்டார்கள். பத்தாண்டில் ஏறத்தாழ 33.6 விழுக்காடு உயர்வு. தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகையோ அதே காலத்தில் 15.6 விழுக்காடுதான் வளர்ந்தது. நெசவாளர் குடும்பங்களில் பிறப்பு விகிதம் மாநிலத்தைப்போல் இரு மடங்கு என்று யாரும் சொல்ல முடியாது. உயர்வின் பெரும்பகுதி, கணக்கெடுப்பாளரிடம் 'தமிழ்' என்று சொன்னவர்கள் இம்முறை 'சௌராஷ்டிரம்' என்று சொன்னதால் வந்திருக்க வேண்டும். மொழியின் எண்ணிக்கையே சொல்பவரின் மனநிலையைப் பொறுத்து இவ்வளவு அசையுமானால், அந்த மொழிக்குள் ஒரு வீட்டுப்பெயரின் எண்ணிக்கையை அதிலிருந்து ஊகிப்பது வீண்.

வாக்காளர் பட்டியலும் உதவாது. அது தந்தை அல்லது கணவர் பெயரைக் கேட்கிறது, வீட்டுப்பெயரைக் கேட்பதில்லை. கடவுச்சீட்டில் குடும்பப்பெயருக்குக் கட்டம் உண்டு. தமிழ்நாட்டில் பெரும்பாலோர் அதில் தந்தை பெயரை நிரப்புகிறார்கள். அதன் விளைவு விசித்திரமானது. உலகக் குடும்பப்பெயர்ப் பட்டியல்களில் சௌந்தரராஜன், சுப்பராமன் என்பவை குடும்பப்பெயர்களாக எண்ணப்படும். உண்மையான குடும்பப்பெயர் ஓரெழுத்தாகச் சுருங்கி எண்ணிக்கைக்கே வராது. ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாகப் பிறந்து மறையும் பெயர் 'பரவலானது' என்று தோன்றும். பல தலைமுறை தாண்டிய பெயர் 'அரியது' என்றோ இல்லை என்றோ தோன்றும்.

அருகுதலின் கணக்கு

ஒரு பெயர் அரிதாக இருந்தால் அதை வைத்திருப்பவர்கள் பிற்காலத்தில் வந்து சேர்ந்தவர்கள், அல்லது வேற்றுக் குலத்தார் என்று சொல்லும் போக்கு எல்லாச் சமூகங்களிலும் உண்டு. இந்த முடிவுக்கு எந்த அடிப்படையும் இல்லை. இங்கிலாந்தில் பிரபு வம்சப் பெயர்கள் அழிவதைக் கண்ட பிரான்சிஸ் கால்டன் 1873-இல் இதை ஒரு கணக்காக முன்வைத்தார். வாட்சன் என்ற பாதிரியார் அதற்கு வழிகண்டார். 1874-இல் இருவரும் சேர்ந்து எழுதினார்கள். ஆண் வழியில் மட்டும் செல்லும் பெயர், மகன் பிறக்காத ஒரு தலைமுறையில் நின்றுவிடும் என்பதே கணக்கின் சாரம்.

எளிய எண்களைக் கொண்டு பார்க்கலாம். நூறு வீட்டுப்பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆண். வளர்ந்து மணம்புரியும் மகன் ஒருவன்கூட இல்லாமல் போக நான்கில் ஒரு வாய்ப்பு, ஒருவன் இருக்க நான்கில் இரண்டு, இருவர் இருக்க நான்கில் ஒன்று. சராசரி ஒரு மகன். மக்கள்தொகை கூடாது, குறையாது. நான்கு தலைமுறைக்குள் 55 பெயர்கள் அழிந்துவிடும். பன்னிரண்டு தலைமுறையில், அதாவது ஏறக்குறைய திருமலை நாயக்கர் காலத்திலிருந்து நம் காலம் வரை, 77 பெயர்கள் போய்விடும். எஞ்சிய 23 பெயர்கள் அதே நூறு ஆண்களைப் பகிர்ந்துகொள்ளும். சிலவற்றில் பலர், சிலவற்றில் ஒருவர். யாருடைய தகுதியும் குறையும் இதில் இல்லை.

உண்மை நிலை இதைவிடச் சிக்கலானது. ஒரே பெயரில் பல குடும்பங்கள் வந்திருக்கலாம், மக்கள்தொகையும் பெருகியது, தத்தெடுப்பு சில பெயர்களைக் காத்தது. ஆனால் இனிவரும் காலத்துக்குக் கணக்கு கடுமையாகிறது. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. ஒற்றைப் பெண் குழந்தையோடு நிற்கும் வீட்டில் கெர்நாவும் நிற்கிறது.

பரவலைக் கொண்டு காலத்தை அளத்தல்

எழுத்துச் சான்று மெலிந்த இடத்தில் இடப்பரவல் கைகொடுக்கும். சௌராஷ்டிரர் மதுரையில் மட்டும் இல்லை. பரமக்குடி, எமனேசுவரம், திண்டுக்கல், பெரியகுளம், சேலம், கும்பகோணம், தஞ்சை அய்யம்பேட்டை, வாலாஜாபேட்டை, நெல்லைப் பக்கம் வீரவநல்லூர் என்று நெசவு இருந்த ஊர்களிலெல்லாம் குடியிருப்புகள் உண்டு. ஊருக்கு ஊர் பேச்சிலும் வேறுபாடு உண்டு. தியாகராஜரின் சீடரான வேங்கடரமண பாகவதர் (1781–1874) அய்யம்பேட்டையில் பிறந்து வாலாஜாபேட்டையில் வாழ்ந்தவர். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே காவிரிக்கரைக் குடியிருப்பு வேரூன்றியிருந்தது என்பதற்கு அவரே சாட்சி.

ஒரு வீட்டுப்பெயர் மதுரையிலும் சேலத்திலும் அய்யம்பேட்டையிலும் ஒரே கோத்திரத்தோடு காணப்பட்டால், குடியிருப்புகள் பிரிவதற்கு முன்பே அது இருந்தது என்று கொள்ளலாம். மதுரையில் மட்டும் இருந்தால் மதுரையில் பிறந்திருக்கலாம். அல்லது மற்ற ஊர்களில் அழிந்திருக்கலாம். கால்டன் கணக்கு இங்கே எச்சரிக்கையாக நிற்கும். ஒரே பெயர் இரு ஊர்களில் வெவ்வேறு கோத்திரத்தோடு வந்தால், பொறுப்பையோ தொழிலையோ குறித்த பெயர் தனித்தனியே தோன்றியது என்று ஐயுற வேண்டும். நாட்டாண்மை போன்றவற்றில் இதற்கு வாய்ப்பு மிகுதி. பொருள் விளங்காத 'தொகுளுவ' போன்றவை அப்படி இரு இடத்தில் தனித்தனியே தோன்றுவது கடினம். அதனாலேயே பொருள் தெளிவான பெயர்களைவிட இத்தகைய பெயர்கள் இந்தச் சோதனைக்கு மிகவும் பயன்படும்.

சோதனையைக் காலம் கடத்தினால் கெடும். மகாலைச் சுற்றிய தெருக்களிலும் பந்தடித் தெருக்களிலும் நெருங்கியிருந்த குடும்பங்கள் அனுப்பானடி, வண்டியூர், கைத்தறி நகர் என்று பரவின. விசைத்தறி வந்து கைத்தறி சுருங்கியதும் பலர் சென்னைக்கும் பெங்களூருக்கும் போனார்கள். 2005-இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைக் கட்டும் கைகள் அப்போதே குறைந்துகொண்டிருந்தன. இன்று வசிக்கும் ஊரைக் கேட்டுப் பயனில்லை, பாட்டனார் பிறந்த ஊரைக் கேட்க வேண்டும்.

யாரைக் கேட்பது என்பதும் முறையியல் சார்ந்த கேள்விதான். ஆண்களைக் கேட்டால் ஒரு பெயர் கிடைக்கும். சம்பந்தம் பேசிப் பழகிய மூத்த பெண்ணைக் கேட்டால் தந்தையின் வீடு, தாய் பிறந்த வீடு, கணவரின் வீடு, மாமியார் பிறந்த வீடு என்று நான்கு கெர்நாவ்கள் கோத்திரத்தோடு கிடைக்கும். ஓர் ஊரில் ஐம்பது பெண்களைக் கேட்டாலே இருநூறு பதிவுகள் சேரும். அழிந்துபோன ஆண் வழிகளும் அவற்றில் அகப்படும். வாக்காளர் பட்டியலில் அதே பெண்ணுக்கு எதிரே இருப்பது கணவரின் பெயர் மட்டும்.